ஒட்டிய உடலும் அடிமைக் கணக்கும்

'சயாமிய இரட்டையர்' என்ற சொல் மருத்துவம் தந்ததல்ல, வேடிக்கைக் காட்சி விளம்பரம் தந்தது. சயாம் என்ற பெயரில் இன்று நாடே கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் மீதும் ஒட்டிக்கொள்கிறது.

1811இல் மேக்லாங்கில், சீன வம்சாவளி மீனவர் வீட்டில் பிறந்தவர்கள் சாங், எங். மார்பெலும்பின் அடியில் சதையும் குருத்தெலும்புமான ஒரு பட்டை இருவரையும் இணைத்திருந்தது. ஊரில் அவர்கள் ஓடினார்கள், நீந்தினார்கள், வாத்து முட்டை விற்றுப் பிழைத்தார்கள். 'விகாரம்' கப்பலேறிய பிறகுதான் முழுநேரத் தொழிலானது. 1829இல் வணிகர் ராபர்ட் ஹன்டரும் கப்பல் தலைவர் ஏபெல் காஃபினும் அவர்களை பாஸ்டனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மருத்துவர் பரிசோதித்து எழுதிய அறிக்கையே காட்சிக்கு நற்சான்றிதழ் ஆயிற்று. ஆக, அறிவியலின் பார்வையும் டிக்கெட் வாங்கியவனின் பார்வையும் கூட்டாளிகள்.

1832இல் அவர்கள் காஃபினிடமிருந்து விலகிச் சொந்தமாகக் காட்சி நடத்தினார்கள். 1839இல் வட கரோலினாவில் நிலம் வாங்கிக் குடியுரிமையும் பெற்றார்கள். சட்டப்படி அது 'சுதந்திரமான வெள்ளையருக்கு' மட்டுமே உரியது! 1843இல் சகோதரிகள் இருவரை மணந்தார்கள். பிறகு இரண்டு வீடுகள். மூன்று நாள் இங்கே, மூன்று நாள் அங்கே என்று முறை. இரு குடும்பங்களிலும் சேர்த்து 21 குழந்தைகள்.

இதோடு நிறுத்தினால் நமக்குப் பிடித்த கதை கிடைத்துவிடும்: ஒடுக்கப்பட்ட உடல் எழுந்து நின்ற கதை. ஆனால் அவர்களுடைய வயலில் உழைத்தவர்கள் கறுப்பின அடிமைகள். பார்க்கக் காசு வசூலிக்கப்பட்ட உடல்கள், வேறு உடல்களைக் காசு கொடுத்து வாங்கின. உள்நாட்டுப் போரில் அவர்களுடைய மகன்கள் தென்மாநிலப் படையில் நின்று சண்டை போட்டார்கள்.

இதை அந்த இருவரின் தனிப்பட்ட குணக்கேடு என்று தள்ளிவிட முடியாது. 'இயல்பான மனிதன்' என்ற இடத்திற்குள் நுழைய அந்தச் சமூகம் கேட்ட நுழைவுக் கட்டணம் அதுதான். வெள்ளையனைப் போல நிலம், மனைவி, அடிமை. விளிம்பில் பிறந்த காரணத்தினாலேயே எந்த உடலும் விடுதலையின் பக்கம் நின்றுவிடாது. விளிம்புகளின் அரசியல் பேசுகிற நாம் இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

போரில் தெற்கு தோற்றது. அடிமைச் சொத்தும் போயிற்று. ஐம்பது வயதைத் தாண்டிய இருவரும் மறுபடி மேடை ஏறினார்கள். 1874 ஜனவரி 17 அன்று சாங் முதலில் இறந்தார், சில மணி நேரத்தில் எங். உடல்கள் பிலடெல்பியா மருத்துவர்களிடம் போயின. இருவரின் கல்லீரலும் இணைந்திருந்தது தெரிய வந்தது. அந்தக் கல்லீரல் அங்குள்ள மியூட்டர் அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாயிற்று.

அவர்கள் கொடுத்த கட்டணம் அந்தக் கண்ணாடிக்கு வெளியே வரப் போதவில்லை. அவர்களுடைய வயலில் உழைத்தவர்களில் பலருக்கு அப்படியொரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது.