கென்யா நாட்டுப் பெண்கள் வளர்த்த மரங்கள்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டார்கள். நம்மைப் போலவே குழு குழுவாகச் சேர்ந்து வேலை பார்த்த ஆப்பிரிக்கப் பெண்களின் கதையை எழுதுகிறேன்.

கென்யா நாட்டில் 1940-ல் பிறந்தவர் வாங்கரி மாத்தாய். அவர் ஊரில் பெரிய அத்திமரம் ஒன்று இருந்தது. பக்கத்திலேயே தண்ணீர் ஊற்று. அது சாமி மரம், அதிலிருந்து சுள்ளி கூட எடுக்கக் கூடாது என்று அவருடைய அம்மா சொல்லி வைத்திருந்தார். நம்ம ஊர் அரசமரம் மாதிரிதான். வாங்கரி நன்றாகப் படித்து 1971-ல் டாக்டர் பட்டம் வாங்கி, நைரோபி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். பிறகு ஊருக்குப் போய்ப் பார்த்தால், தேயிலை போடுவதற்காக அந்த மரத்தை வெட்டியிருந்தார்கள். ஊற்றும் வற்றிப் போயிருந்தது.

வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே அங்கே காட்டை அழித்துத் தேயிலை, காபி என்று போட்டார்கள். வேர் இல்லாத மண் நிற்குமா? மழை பெய்தால் மேல்மண் கரைந்து ஆறெல்லாம் செம்மண்ணாக ஓடியது. விறகுக்குப் பெண்கள் வெகுதூரம் நடந்தார்கள். விறகு கிடைக்காததால் சீக்கிரம் வேகிற பண்டத்தையே சமைத்தார்கள். அதனால் பிள்ளைகளுக்குச் சத்துக் குறைவு. மரம் போனால் சோறும் போகும் என்று அங்கே கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

1977 ஜூன் 5-ம் தேதி நைரோபியில் 7 கன்றுகள் நட்டுத்தான் தொடங்கினார்கள். அதுவே பசுமைப் பட்டை இயக்கம் ஆனது. வனத்துறை முதலில் கன்றுகளை இலவசமாகக் கொடுத்தது. இவர்கள் என்ன பெரிதாக நடப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல. ஒரு வருடம்கூட ஆகவில்லை, பெண்கள் அத்தனை கன்று கேட்டதால் காசு கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்! சரி, நாமே நாற்று விடுவோம் என்று பெண்கள் இறங்கினார்கள். மரம் வளர்க்கப் பட்டயப் படிப்பு வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். விதை முளைக்க வைக்கிறதுக்கு எந்த சர்டிபிகேட் வேணும்? அவர்கள் உள்ளூர் மரங்களின் விதையைப் பொறுக்கி, உடைந்த பானையிலும் ஓட்டை டப்பாவிலும் போட்டு, கோழி கிளறாமல் உயரமான இடத்தில் வைத்து வளர்த்தார்கள். குறைந்தது 1,000 கன்றுகளை வரிசையாக நட்டால் அது ஒரு பட்டை. காற்றையும் மண் அரிப்பையும் தடுக்கும். நட்டதற்கு இல்லை, பிழைத்த கன்றுக்குத்தான் காசு. கன்றுக்கு அமெரிக்கக் கணக்கில் 4 சென்ட். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. நட்டுப் போட்டோ எடுத்துவிட்டுப் போகிற வேலையே கிடையாது.

1989-ல் நைரோபியின் உகுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் கட்ட அரசு திட்டம் போட்டது. வாங்கரி எதிர்த்து நின்றார். அவர் விவாகரத்து ஆனவர் என்பதைச் சொல்லி நாடாளுமன்றத்திலேயே கேலி பேசினார்கள். பின்னால் அடியும் வாங்கினார், சிறைக்கும் போனார். ஆனால் அந்தக் கட்டடம் வரவேயில்லை. 2004-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். ஆப்பிரிக்கப் பெண்களில் அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். இயக்கம் இதுவரை நட்ட மரங்கள் 5 கோடிக்கும் மேல்.

2011 செப்டம்பரில் வாங்கரி இறந்தார். தனக்காக ஒரு மரத்தையும் வெட்டக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். அதனால் மூங்கில், கோரை, ஆகாயத்தாமரை இவற்றால் பெட்டி செய்துதான் அவரைக் கொண்டு போனார்கள்.