மோட்டார் கார் இருக்கையில் தென்னை நார்

மோட்டார் காரின் உட்பாகங்களைத் தாவர நாரினால் வார்ப்பது இந்நாளைய விஞ்ஞானப் புதுமை என்று கருதுவோர் பலர். அஃது அத்துணைப் புதிதன்று. ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் 'வண்டு'க் காரிலும் மெர்சிடிஸ் காரிலும் சென்றவர் பலர், இருக்கை உறைக்கு அடியில் தென்னை நாரும் ரப்பர்ப் பாலும் சேர்ந்து இறுகிய மெத்தையின்மேல்தான் அமர்ந்து சென்றனர்.

இந்நாரை ஆங்கிலேயர் 'காயர்' என்பர். மலையாளத்துக் 'கயர்' என்னும் சொல்லே அவ்வாறு திரிந்தது. தமிழ்க் 'கயிறு' அதற்கு உடன்பிறப்பு. பொருளோடு பெயரும் கப்பலேறியது என்க.

வார்க்கும் முறை எளியது போலத் தோன்றினும் நுட்பமுடையது. முற்றிய மட்டையிலிருந்து பிரித்த பழுப்பு நாரை முதலிற் கயிறாக முறுக்கிச் சில காலம் அப்படியே வைப்பர். பின்பு முறுக்கைப் பிரித்தால் நார் சுருள் சுருளாக நிற்கும், அச்சுருளே வில்லாகிறது. அதனைப் பஞ்சுபோற் பரப்பி, கந்தகம் முதலியன கலந்த ரப்பர்ப் பாலைத் தெளித்து, அடுக்கி, அச்சில் அழுத்திச் சூடேற்றுவர். நார்கள் ஒன்றையொன்று தொடும் இடந்தோறும் பால் முடிச்சிட்டாற்போல் இறுகிவிடும். இடையே காற்று உலாவும், வியர்வை தங்காது. கந்தகத்தால் ரப்பரை இறுகச் செய்யும் வழியை 1839-இல் கண்டவர் அமெரிக்கராகிய சார்ல்ஸ் குட்இயர்.

பேராக் மாநிலத்திற்கு இக்கதையில் பங்குண்டு. செமோருக்கு மேற்கே உள்ள கோலகங்சாரில், ஹியூ லோ என்னும் ரெசிடெண்டின் தோட்டத்தில் 1877-இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் செமோர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, மங்குப் பாலை வாளியிற் சேர்த்தவர் தமிழர். பாகான் டத்தோவின் தென்னந் தோட்டங்களில் உழைத்தோரிலும் தமிழர் மிகுதி. ஆயினும் அங்குக் கொப்பரையே பெரிதாயிற்று. மெத்தை நாரை மிகுதியாக அனுப்பிய நாடு இலங்கை. தொழில் வரலாறு எழுதுவோர் குட்இயரைத் தவறாது குறிப்பர். பெரட்டுக்கு நின்றவரை விட்டுவிடுவர். இது சிறு குறையன்று.

1937-இல் ஜெர்மானியரான ஓட்டோ பாயர் பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளைக் கண்டார். 1950-களிலிருந்து அதன் நுரைமெத்தை பரவவே, நார் மெத்தை பையப் பின்வாங்கிற்று. நுரை இலேசானது, விரைவில் வார்க்கத்தக்கது. நார் மெத்தையோ பழகப் பழகப் பால் உலர்ந்து பொடியும்.

ஆயினும் அது மறையவில்லை. 1990-களில் பிரேசிலின் பாரா மாநிலத்தில், அங்குள்ள பல்கலைக்கழகமும் மெர்சிடிஸ் நிறுவனத்தாரும் கூடி, சிற்றூர் மக்களைக் கொண்டு தென்னை நாரும் ரப்பர்ப் பாலும் சேர்த்து லாரிகளுக்குத் தலையணைகள் செய்வித்தனர். 2001-இல் அதற்கெனத் தொழிற்சாலையும் எழுந்தது. ஆசியத் தென்னையைப் பிரேசிலுக்குக் கொண்டு சென்றவர் போர்த்துகீசியர். கோலகங்சார்க் கன்றுகளுக்கு மூலமான விதைகளை 1876-இல் ஹென்றி விக்காம் கப்பலேற்றியதோ, அதே பாரா மாநிலத்திலிருந்து.