பிழையெழுத்தின் சான்று

பிரித்தானியத் தீவின் வடபால், கிழக்கே டைன் ஆற்றங்கரை தொட்டு மேற்கே சால்வே கடற்கழி வரை ஏறத்தாழ 117 கிலோமீட்டர் நீள்கிறது, உரோமப் பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 122 அளவில் எழுப்பத் தொடங்கிய எல்லை மதில். அதனைக் காத்த துணைப்படையினர் ரைன் ஆற்றுப் புறத்திலிருந்தும், இசுபானியாவிலிருந்தும், தொலைவிலுள்ள சிரியாவிலிருந்தும் திரட்டப்பெற்றோர். அவர்கள் நாட்டிய பலிபீடக் கற்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன.

படைத்தலைவர் நாட்டியவை பெரியவை, எழுத்தும் செம்மையானது. கடற்கரைக் கோட்டையாகிய மேரிபோர்ட்டின் அருகே 1870இல் 17 பீடங்கள் ஒருங்கே வெளிப்பட்டன. அவற்றுட் பல யூப்பிட்டருக்கு உரியன. ஆண்டுதோறும் பழைய பீடத்தை முறைப்படி புதைத்தனர் என்றே அறிஞர் நெடுங்காலம் கருதினர். 2011 முதல் நிகழ்ந்த அகழாய்வு வேறு காட்டிற்று: பிற்காலத்தார் மரத்தூண் குழிகளை இறுக்க அக்கற்களை இட்டிருந்தனர். விண்ணரசனுக்கு அளித்த கல் தூணுக்கு முட்டாயிற்று!

பீடங்களின் இறுதியில் பெரும்பாலும் நான்கே எழுத்துக்கள் இருக்கும். நேர்ந்த கடனை மனமுவந்து, உரியவாறு செலுத்தினான் என்பது அவற்றின் விரிவு. எதற்காக நேர்ந்தான் என்பதைக் கல் பொதுவாகக் கூறுவதில்லை. மதிலுக்குத் தெற்கே இசுடான்ஹோப் பகுதியில் குதிரைப்படைத் தலைவன் மிக்கியானுசு, முன்னோர் பலரால் பிடிக்க இயலாத அழகிய காட்டுப்பன்றியைத் தான் பிடித்தமைக்காகச் சில்வானுசு தெய்வத்திற்குக் கல் நாட்டியது அரிய விதிவிலக்கு. தற்பெருமையேனும் நமக்கு ஒரு செய்தி கிடைத்தது.

எளிய வீரரின் கற்களோ வேறு வகையின. வெட்டெரிசு என்னும் தெய்வத்திற்குரிய சிறு பீடங்கள் ஐம்பதுக்கு மேல் மதில் வட்டாரத்தில் கிடைத்துள்ளன. கார்வோரன் கோட்டையில் மட்டும் பல. அப்பெயர் வெட்டெரிசு, விட்டிரிசு, ஹுவிட்டிரிசு எனக் கல்லுக்குக் கல் மாறுகிறது. சிலவற்றில் தெய்வம் ஒன்றன்று, பலவாகிறது. இலத்தீனில் முதுமை குறிக்கும் சொல்லே இது என்றும், வீரர் பிழைபட எழுதினர் என்றும் சிலர் கூறினர். அவ்வாறாயின் சொல்முதலில் ஹகர ஒலி வருவானேன்? இலத்தீன் எழுத்தில் அடங்காத ஓர் அயலொலியைச் செவி கேட்டவாறே கல்லில் இறக்க முயன்ற தடமே இது எனல் பொருந்தும். ஏட்டில் ஏறாது நாவில் மட்டும் வாழ்ந்த பெயர் அது. எழுத்து திருந்தியிருப்பின் அவ்வொலி நமக்கு எட்டியிராது.

இப்பீடங்கள் சிலவற்றில் நாட்டியவன் பெயர் இல்லை. தெய்வத்தின் பெயர் மட்டும், கோணலாக.