நாழிகைவழியும் முதியோர் நடையும்

கற்பிட்டிக் கரையை அடுத்த தீவுகளுள் ஒன்று உச்சமுனை. மணலே நிலமும் படகே வண்டியுமாக உள்ள இத்தகைய ஊர்களில், ‘எவ்வளவு தூரம்?’ என்னும் வினாவிற்கு மைற்கல் விடை கூறாது. தமிழர் பண்டு தூரத்தை அளந்தது காலாலும் குரலாலுமே. குரல் சென்று கேட்கும் எல்லை கூப்பிடுதூரம். ஒரு நாழிகையில், அஃதாவது 24 நிமிடத்தில், நடந்து கடக்கும் எல்லை நாழிகைவழி. ஏழு நாழிகைவழி ஒரு காதம். சென்னை மாகாணத்து வாய்பாட்டின்படி அஃது ஏறக்குறையப் பத்து மைல்.

இக்கணக்கை விரித்து நோக்கின் வியப்பொன்று புலனாகும். ஒரு நாழிகைவழி ஏறக்குறைய 2,300 மீற்றர். அதனை 1,440 செக்கனிற் கடப்பவன் செக்கனுக்கு 1.6 மீற்றர் வீதம் நடத்தல் வேண்டும். இது கட்டிளங்காளையின் விரைந்த நடையாம். முதியோரும், குழந்தையை இடுப்பிற் சுமந்த தாயரும் அக்கணக்கிற் சேர்க்கப்பட்டிலர் போலும். 1344 இல், புத்தளம் எனக் கருதப்படும் பத்தாலாவில் இறங்கிய இபுனு பதூதா, ஆரியச்சக்கரவர்த்தி அளித்த பல்லக்குடன் சிவனொளிபாதமலைக்குப் புறப்பட்டார். பல்லக்குப் பெறாத முதியவருக்குக் காதம் நீண்டதே.

பண்டையோர் நடையை மாறாததாகக் கொண்டு வழியை அளந்தனர். இக்காலத்தார் வழியை மாறாததாக வைத்து நடப்பவரை அளக்கின்றனர். 1836 இல் ஜேர்மனியரான வெபர் சகோதரர் மனித நடையின் இயக்கம்பற்றி நூல் வெளியிட்டனராயினும், முதியோரின் நடைவேகம் மருத்துவச் சான்றாகப் பெருவழக்குற்றது இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேயாம். முறை மிக எளிது. தரையில் 4 மீற்றரோ 6 மீற்றரோ குறித்து, முதியவரை வழக்கமான நடையில் நடக்கச் செய்து, கடிகாரத்தை நோக்குவர், ஊன்றுகோலுக்குத் தடையில்லை. இதயம், நுரையீரல், நரம்பு, தசை, கண் யாவும் ஒருங்கியைந்தாலன்றி நடை நிகழாது. ஆதலின் அவற்றுள் எது தளரினும் நடை அதனைக் காட்டிவிடும். 65 வயதும் அதற்கு மேலுமான 34,485 பேரைப்பற்றிய ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்து 2011 இல் அமெரிக்க அறிஞர் வெளியிட்ட கட்டுரை, விரைந்து நடந்தோரே நெடிது வாழ்ந்தனர் எனக் காட்டிற்று.

எனினும் அளவுகோல் நிலையாக நிற்கவில்லை. தசைத்தளர்ச்சியை ஆராய்ந்த ஆசிய அறிஞர் குழு 2014 இல் செக்கனுக்கு 0.8 மீற்றரை எல்லையாக வகுத்தது; 2019 இல் அதனை 1 மீற்றராக உயர்த்தியது. 6 மீற்றரை 7 செக்கனிற் கடந்த முதியவர் முன்னைய விதிப்படி நலமுடையார். பின்னைய விதிப்படி தளர்ந்தார். அவர் கால்கள் மாறவில்லை, கோடுதான் மாறிற்று. 0.8 மீற்றர் வீதம் நடப்பவர்க்குப் பழைய நாழிகைவழி ஒன்றைக் கடக்க இரு நாழிகை வேண்டும் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

மற்றொன்றும் உளது. மணலில் நடப்பதற்கு வன்றரையினும் 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகும் எனப் பெல்ஜிய அறிஞர் 1998 இல் அளந்து கண்டனர். நடைச்சோதனையோ சமதரையிலேயே நிகழ்கின்றது. படகிலிருந்து இறங்கி மணலிற் கால் புதைய வீடு சேரும் உச்சமுனை முதியவரின் அன்றாட வழி, காதக் கணக்கிலும் இடம்பெறவில்லை. செக்கன் கணக்கிலும் இடம்பெறவில்லை.