தொட்டிக்கு முந்திய கேள்வி: கல்வி வளாகக் கழிவும் நிர்வாக விதிகளும்

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் இடங்களைப் பெருங்கழிவு உற்பத்தியாளர் என வகைப்படுத்தின. பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம், விடுதி ஆகியவை அந்த வரையறைக்குள் பெயர் சுட்டியே சேர்க்கப்பட்டன. பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் மண்புழு உரக் குழியும் வளாகங்களில் பெருகியதற்கு இந்தச் சட்டச் சூழல் ஒரு காரணம். ஆனால் இவை யாவும் கழிவு உண்டான பிறகு தொடங்கும் ஏற்பாடுகள். கழிவு எவ்வளவு உண்டாகும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்பவை விடுதிக் கணக்கும் தேர்வு விதிகளும். அவற்றைத் திருத்தாமல் மாணவரிடம் தூய்மை உணர்வை ஊட்டுவது அரைவேலை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விடுதியிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகள் பலவற்றில் ‘டிவைடிங்’ முறை நடைமுறையில் உள்ளது. அரிசி, பருப்பு, காய்கறி, எரிவாயு என மாதச் செலவைக் கூட்டி, மாணவர்களின் சாப்பாட்டு நாள்களால் வகுத்து மெஸ் பில் போடுவார்கள். முறைகேட்டைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. மிச்சத்தைத் தடுக்க உதவாது. ஒருவர் தட்டில் விட்டெறிந்த சோற்றின் விலை எல்லோர் தலையிலும் பரவிவிடுவதால் எவருக்கும் அது உறைப்பதில்லை. ‘மெஸ் கட்’ விதி இதை இன்னும் மோசமாக்குகிறது. தொடர்ந்து சில நாள்கள் விடுதியில் இல்லாதவருக்கே கட்டணத் தள்ளுபடி உண்டு, அதுவும் முன்கூட்டி எழுதிக் கொடுத்தால்தான். சனி, ஞாயிறு மட்டும் ஊருக்குப் போய்வரும் மாணவர் ஏட்டில் சாப்பிடுகிறவராகவே நீடிக்கிறார். உலையில் அவர் பங்கு அரிசியும் வேகிறது. மிஞ்சும் சோறும் சாம்பாரும் பன்றிப் பண்ணைக்காரரின் டிரம்மில் ஏறுகின்றன. அதை மறுசுழற்சிக் கணக்கில் எழுதிக்கொள்ளும் நிர்வாகங்களும் இருக்கக்கூடும். சமைத்த உணவுக்கு அதைவிட மலிவான முடிவு ஏது?

இதைத் தவிர்க்கும் வழியை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தேட வேண்டியதில்லை. 1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டத்தின் சமையற்கூடத்தில் காலை வருகைப் பதிவே அரிசியின் அளவைத் தீர்மானிக்கிறது. அன்று உணவருந்தும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அமைப்பாளர் எண்ணுகிறார். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம், அதற்கு மேற்பட்ட வகுப்புப் பிள்ளைக்கு 150 கிராம் என்ற கணக்கில் அரிசி அளக்கப்படுகிறது. அங்கும் மிச்சம் விழும்தான். ஆனால் வராத பிள்ளைக்குச் சமைப்பது அங்கே விதியாக இல்லை. சிற்றூர்த் தொடக்கப்பள்ளிக்குக் கைவந்த இந்த எளிய கணக்கு, கைப்பேசி வழியே வருகையைப் பதியும் பொறியியல் கல்லூரியின் விடுதிக்கு எட்டவில்லை என்பது வியப்புதான்.

காகிதத்தின் கதையும் இத்தகையதே. திட்ட அறிக்கை, ஆய்வேடு ஆகியவற்றுக்கான வடிவ நெறிகள் பலவும் தட்டச்சுப்பொறிக் காலத்தின் எச்சங்கள்: தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சு, அகன்ற வரி இடைவெளி, ரெக்சின் அட்டை, மூன்று அல்லது நான்கு படிகள். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: 60 பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரும் 60 பக்க அறிக்கையை ஒருபக்க அச்சில் மூன்று படிகள் தந்தால் 10,800 தாள்கள். 80 கிராம் வகை ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். ஆக 54 கிலோ. இருபக்க அச்சை அனுமதிக்கும் ஒரு வரித் திருத்தம் இதைப் பாதியாக்கும். எந்தத் தொட்டியும் இதைச் செய்யாது. முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியை இன்ஃப்லிப்நெட் நூலக வலையமைப்பு மையத்துக்கு அளிக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு நெறிமுறைகள் கூறின. அதன் பிறகும் அச்சுப்படிகளின் எண்ணிக்கையைப் பல இடங்களில் எவரும் மறுபரிசீலனை செய்யவில்லை.

காகிதம்தான் மறுசுழற்சிக்குப் போகிறதே என்று கேட்கலாம். போகிறது, உண்மை. பாதுகாப்புக் காலம் முடிந்த விடைத்தாள்கள் ஏலத்தில் விலைபோகின்றன. பழைய பேப்பர் கடைக்காரர் எந்த விழிப்புணர்வு முகாமும் இல்லாமலே தம் வேலையைச் செய்துவருகிறார். கழிவுக் காகிதத்தின் மையை நீக்கிக் கூழாக்கும் ஆலை புகளூர்த் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் இயங்குகிறது. ஆயினும் ரெக்சின் அட்டை கிழித்தெறியப்படும். ஒவ்வொரு சுற்றிலும் காகித இழை குறுகும். நீரும் ஆற்றலும் மறுபடி செலவாகும். இருப்பதிலேயே சீராக நடக்கும் பகுதிக்கு மேலும் முழக்கங்கள் எழுதுவதில் பயன் குறைவு.

எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிடலாம் என்போருக்கும் எச்சரிக்கை தேவை: கருவியும் ஒருநாள் கழிவாகும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, ஒரு நிதியாண்டில் ஆயிரம் மின், மின்னணுக் கருவிகளையாவது பயன்படுத்தும் நிறுவனம் பெருநுகர்வோர் ஆகும்; நடுத்தரக் கல்லூரிகள் சிலவும் அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

விதிகள் ஏன் அசைவதில்லை? மதிப்பீட்டு முறைக்கும் இதில் பங்குண்டு. தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு தன் ஏழாம் அளவுகோலில் கழிவு மேலாண்மை வசதிகளை விவரிக்கக் கேட்டுவந்தது; சான்றாக இடக்குறியிட்ட புகைப்படங்களை ஏற்றுவந்தது. வசதியைப் படம் பிடிக்கலாம், உண்டாகாமல் போன கழிவைப் படம் பிடிக்க முடியாது. எனவே நிர்வாகம் உரக்குழி வெட்டுகிறது, பெயர்ப்பலகை வைக்கிறது. மாணவர் ஒருவருக்கு மாதம் எத்தனை கிலோ உணவு மிஞ்சுகிறது, தேர்வாணையர் அலுவலகம் ஆண்டுக்கு எத்தனை ரீம் தாள் வாங்குகிறது என்ற இரண்டு எண்களை மட்டும் அக்குழு கேட்கத் தொடங்கினாலே, விடுதிக் காப்பாளரும் தேர்வாணையரும் அவற்றைக் குறைக்க வேண்டிய பொறுப்புக்குள் வந்துவிடுவார்கள். கொள்முதல் பதிவேட்டிலும் விடுதி இருப்புப் பதிவேட்டிலும் அதற்கான தரவில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. சமையற்கூட வாசலில் ஓர் எடைத் தராசு மட்டும் புதிதாக வேண்டும்.