ஜெர்மன் சுவரொட்டி சேகரிப்பு

ஜெர்மனியில் விளம்பரத்துக்கும் சுற்றுலாவுக்கும் அச்சிட்ட பழைய சுவரொட்டிகளைத் தேடிச் சேர்க்கும் பழக்கம். எர்ன்ஸ்ட் லிட்ஃபாஸ் 1855இல் பெர்லின் தெருக்களில் விளம்பரத் தூண்களை நிறுவினார். சேகரிக்கும் ஆர்வம் பிறந்தது 1890களில்தான்.

இத்துறையின் தலைமகன் ஹான்ஸ் சாக்ஸ் (1881–1974), பெர்லின் பல் மருத்துவர். பள்ளி நாள்களிலேயே சேர்க்கத் தொடங்கியவர், 1905இல் சுவரொட்டி அன்பர் சங்கம் அமைத்தார். சங்க இதழான ‘டாஸ் பிளாகாட்’ 1910 முதல் 1921 வரை வந்தது. சில சுவரொட்டிகளின் சிறு வண்ணப் பதிப்புகளைத் தனியே அச்சிட்டு, பக்கத்தில் ஓரம் மட்டும் ஒட்டி வைத்திருப்பார்கள். இன்று அவ்விதழ்களையும் சேகரிக்கிறார்கள். சங்கத்துக்கு நெருக்கமான லூசியன் பெர்ன்ஹார்ட், பிரீஸ்டர் தீக்குச்சிக்கு வரைந்தது இரண்டு குச்சிகளும் நிறுவனப் பெயரும் மட்டுமே. முதல் வரைவில் மேசை, சுருட்டு, நடனப் பெண்கள் எல்லாம் இருந்தனவாம், ஒவ்வொன்றாக அழித்தாராம். காலம் 1903 என்பாரும் உண்டு, 1905 அல்லது 1906 என்பாரும் உண்டு. மியூனிக்கில் லுட்விக் ஹோல்வைன் புகழ்பெற்றார்.

இரு உலகப் போர்களுக்கு இடையில் ஜெர்மன் ரயில்வே, வெளிநாட்டுப் பயணிகளை ஈர்க்க யூப் வியர்ட்ஸ் முதலியோரைக் கொண்டு சுவரொட்டிகள் வெளியிட்டது.

சாக்ஸ் யூதர். சுமார் 12,500 சுவரொட்டிகள் கொண்ட அவரது சேகரிப்பை 1938இல் நாஜி அரசு பறித்துக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் அடைக்கப்பட்டவர், விடுதலையானதும் அமெரிக்கா சென்றார். எல்லாம் அழிந்ததென நம்பி, 1961இல் மேற்கு ஜெர்மனியிடம் 2,25,000 மார்க் இழப்பீடு பெற்றார். சில ஆண்டுகளில், ஒரு பகுதி கிழக்கு பெர்லின் அருங்காட்சியகத்தில் இருப்பது தெரிந்தது. திரும்பப் பெறாமலே இறந்தார். இழப்பீடு பெற்றபின் உரிமை உண்டா என்ற கேள்வியில், மகன் பீட்டருக்குத் தர வேண்டியதில்லை என நாஜிகள் பறித்த கலைப்பொருள்களுக்கான ஜெர்மன் ஆலோசனைக் குழு 2007இல் பரிந்துரைத்தது. ஆனால் 2012இல் ஜெர்மன் உச்சநீதிமன்றம் பீட்டருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எஞ்சியிருந்த நாலாயிரத்துச் சொச்சம் சுவரொட்டிகள் திரும்பி வந்தன. 2013 முதல் நியூயார்க்கில் அவை ஏலத்துக்கு வந்து பல கைகளுக்குப் பிரிந்ததில் எல்லாருக்கும் உடன்பாடில்லை.

இன்று இணைய ஏலங்களில் மறுபதிப்புகள் மலிந்துள்ளன. உருப்பெருக்கியில் சீரான புள்ளி வரிசை தெரிந்தால் பிற்கால ஆஃப்செட் அச்சு என்றே சந்தேகிக்க வேண்டும். பழைய கல்லச்சில் நிறம் தட்டையாகவோ, ஒழுங்கற்ற பொடிப் புள்ளிகளாகவோ படிந்திருக்கும்.