நேருவுக்குப் பின்: தலைமை மாற்றமும் இளம் மக்களாட்சியின் வளர்ச்சியும் (1964–1967)

முன்னுரை

புதிதாக விடுதலை பெற்ற நாடுகளில், நாட்டை உருவாக்கிய தலைவரின் மறைவு மக்களாட்சிக்குப் பெருஞ்சோதனையாக அமைகிறது. 1964 மே 27 அன்று நேரு மறைந்தபோது இந்தியா அச்சோதனையை எதிர்கொண்டது. அதனையடுத்த தலைமை மாற்றம் அமைதியாக நடந்தேறியமைக்குக் காமராசரின் தனித்திறனையே காரணமாகச் சுட்டுவது வழக்கம். அத்திறனுக்கு இடமளித்த அரசியல் நடைமுறைகளையும், 1966-இல் அவை பெற்ற வளர்ச்சியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பாகிஸ்தானுடன் ஓர் ஒப்பீடு

1948 செப்டம்பர் 11 அன்று ஜின்னா மறைந்தபோது பாகிஸ்தான் தனக்கென ஓர் அரசியலமைப்பை இயற்றியிருக்கவில்லை. 1951 அக்டோபரில் லியாகத் அலி கான் சுட்டுக்கொல்லப்பட்டபோதும் அந்நிலையே நீடித்தது. 1956-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, ஒரு பொதுத்தேர்தலையும் காணாமல் 1958-இல் நீக்கப்பட்டு, இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. நேரு மறைந்தபோது இந்தியாவோ மூன்று பொதுத்தேர்தல்களை நடத்தி முடித்திருந்தது. அவர் 17 ஆண்டுகள் பதவியிலிருந்தமை இதற்குரிய கால அவகாசத்தை அளித்தது என்பதும் கருதத்தக்கது.

இரு தலைமை மாற்றங்கள்

நேரு மறைந்த அன்றே குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமரானார். காங்கிரஸ் தலைவராயிருந்த காமராசர் கட்சியினரின் கருத்தைக் கேட்டறிந்து, சாஸ்திரிக்கே ஆதரவு மிகுதி எனக் கண்டார். மொரார்ஜி தேசாய் போட்டியிலிருந்து விலக, ஜூன் 2 அன்று சாஸ்திரி ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இங்கு வாக்குகள் எண்ணப்படவில்லை. கருத்தறிந்தவரின் மதிப்பீடே முடிவாயிற்று.

1966 ஜனவரி 11 அன்று சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்தார். நந்தா மீண்டும் இடைக்காலப் பொறுப்பேற்றார். இம்முறை தேசாய் விலக மறுத்தார். ஜனவரி 19 அன்று காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சியில் நடந்த இரகசிய வாக்கெடுப்பில் இந்திரா காந்தி 355 வாக்குகளும் தேசாய் 169 வாக்குகளும் பெற்றனர். தேசாய் முடிவை ஏற்றுக் கட்சியிலேயே தொடர்ந்தார். 1967-இல் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் துணைப் பிரதமருமானார்.

முடிவுரை

1964-இன் கருத்தொற்றுமை ஆட்சியின் நிலைத்தன்மையைக் காத்தது. 1966-இன் போட்டியோ, தலைமையை வெளிப்படையாக எதிர்த்து நின்று, தோற்றபின் முடிவை ஏற்கும் மரபுக்கு வழிவகுத்தது. மக்களாட்சியின் வளர்ச்சி என்ற நோக்கில் பின்னதே முதன்மையானது. எனினும் இவ்விரு மாற்றங்களும் ஒரே கட்சிக்குள் நிகழ்ந்தவை. அக்கட்சியின் மீதான மக்கள் தீர்ப்பு 1967 பொதுத்தேர்தலில் வெளிப்பட்டது. சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. இரு பிரதமர்களின் தேர்வை முன்னின்று நடத்திய காமராசர் விருதுநகரில் தோல்வியுற்றார். தலைமையைத் தேர்ந்தெடுப்போரும் வாக்காளரின் தீர்ப்புக்கு உட்பட்டவர் என்பதை இத்தேர்தல் உறுதிசெய்தது.